மணிக்கு இருபத்தொரு கிலோமீட்டர்

ஆகஸ்டு 10, ஞாயிறு

இன்று காலை 9.10 மணிக்கு, இரண்டாவது காபிக்கும் செய்தித்தாளின் நடுப்பக்கத்துக்கும் இடையில், டிரெய்லருக்குப் புது டயர் போடுவது என்று முடிவு செய்தேன். இப்படிப்பட்ட முடிவுகளை எடுத்தவர்கள் உடனே எழுதி வைக்காததால்தான் வரலாற்றில் இத்தனை குழப்பம். எனவே இந்த நாட்குறிப்பு.

டிரெய்லர் என்னுடையது அல்ல. தெற்குத் தெரு கட்டக்காளையுடையது. அவர் அதில் கரும்பு ஏற்றுகிறார். ஆகஸ்டு 31 அன்று ஒரு நாள் மட்டும் அதில் என்னுடைய சீர் போகிறது.

வேலுத்தாய் என் ஒரே தங்கை. பதினான்கு வயது இளையவள். உசிலம்பட்டியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுடைய மூன்று வயது மகளுக்குக் காது குத்து. நேற்று தபாலில் அழைப்பிதழ் வந்தது. குழந்தையின் பெயர் ‘பேச்சியம்மாள் என்கிற தன்விகா’ என்று இருக்கிறது. பேச்சியம்மாள் எங்கள் அம்மாவின் பெயர். தன்விகா யாருடைய பெயர் என்று தெரியவில்லை. ‘தாய்மாமன்: ச. வீரணன், வீரபாண்டி’ என்று என் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஓரத்தில் வேலுத்தாய் கைப்பட மூன்று சொற்கள்: “நேரத்துக்கு வந்துரு அண்ணே.”

ஆறு ஆண்டுகளில் அவள் எனக்கு எழுதிய மொத்தச் சொற்களும் இவைதான். இதில் விசேஷம் ஒன்றும் இல்லை. இரு பக்கமும் வேலை மிகுதி.

எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் சீரோடுதான் நுழைய வேண்டும். நூற்றொரு தட்டு, கட்டில், பித்தளை அண்டா, மூன்று கிடாய் என்று சீர் ஒரு டிராக்டர் அளவுக்கு வந்துவிட்டது. எனவே டிரெய்லர். எனவே டயர்.

என் மனைவி குருவம்மாளிடம் முடிவைத் தெரிவித்தேன்.

“ஊரான் டிரெய்லருக்கு நாம டயர் வாங்குறமா?” என்றாள்.

வரலாற்று முடிவுகள் எடுக்கப்பட்ட நேரத்தில் யாரும் கைதட்டியதில்லை.

ஆகஸ்டு 11, திங்கள்

டிரெய்லரைப் பார்வையிட்டேன். நான் பேருந்துப் பணிமனையில் இருபத்தேழு ஆண்டுகளாக டயர்ப் பிரிவு எழுத்தர். எந்த டயர் எந்தப் பேருந்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைப் பதிவேட்டில் எழுதுவது என் பணி. நானாக ஒரு டயரைக் கழற்றி மாட்டியதில்லை. நீதிபதியும் யாரையும் தானாகத் தூக்கில் போடுவதில்லை.

நான்கு டயரில் இரண்டில் தரையைப் பிடிக்கும் பட்டன் பாதி தேய்ந்திருந்தது. ஒன்றில் பக்கவாட்டில் வெடிப்பு. ஒன்று மட்டும் நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு அதிகச் சந்தேகத்தைத் தந்தது.

“அண்ணே, போன வாரம் இதுலதாண்ணே எட்டு டன்னு கரும்பு ஏத்திட்டுப் போனேன்” என்றார் கட்டக்காளை.

“அது கரும்பு. இது சீர்.”

“சீரு கரும்ப விடக் கனமாண்ணே?”

நான்கு டயர்களின் எண்களையும் குறித்துக்கொண்டேன்.

ஆகஸ்டு 13, புதன்

தேனி. சிக்கந்தர் பாய் டயர் கடை.

“வாங்க சார். டிப்போவுக்கா?”

“டிரெய்லருக்கு. ஒம்பது-பதினாறு சைஸ்.”

“என்ன லோடு? கரும்பா, செங்கல்லா?”

“சீர்.”

பாய் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். “எத்தன டன்னு சார்?”

“அறுநூத்திப் பன்னெண்டு கிலோ. கெடா மூணும் சேத்து.”

“அறுநூறு கிலோவுக்கு இருக்குற டயரே போதும் சார். இன்னும் அஞ்சு வருசம் உருளும்.”

வேண்டாம் என்று சொல்லும் வியாபாரியிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வற்புறுத்திய பிறகு இரண்டு வகை டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார். இந்த வகை டயர்களின் பக்கவாட்டில் வேகக் குறியீடு ஒன்று இருக்கும். ஒன்றில் A8 என்றும் மற்றதில் A6 என்றும் இருந்தது.

“இது ஏ எட்டு. நாப்பது வரைக்கும் இழுக்கலாம். இது ஏ ஆறு. முப்பதத் தாண்டக் கூடாது. நீங்க எட்டையே எடுங்க சார். எட்டுன்னா எட்டும். ஆறுன்னா ஆற அமரத்தான் போகணும்.” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

எனக்கு எண் சாத்திரத்தில் நம்பிக்கை இல்லை. எட்டு சனியின் எண் என்பதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. அம்மா தவறியது ஒரு எட்டாம் தேதி என்பது புள்ளியியல்படி ஒரே ஒரு நிகழ்வு. அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஆறாம் எண் டயர் எடுத்தேன். காரணம்: வேகம் குறைந்தது பாதுகாப்பானது. நான்கும் ஸ்டெப்னி ஒன்றும், ஆக ஐந்து. மாற்று டயர் இல்லாமல் சாலையில் இறங்குபவன் மனிதர்கள் மீது அளவு கடந்த நம்பிக்கை வைத்திருப்பவன்.

பாய் போகும்போது சொன்னார்: “காத்து அம்பது வைங்க. ஆனா ஒன்னு சார், டயரு ஆறியிருக்கும்போதுதான் காத்துப் பாக்கணும். ஓடிச் சூடானா மூணு நாலு ஏத்திக் காட்டும். அத எறக்கிறக் கூடாது.”

இருபத்தேழு ஆண்டுகள் டயர்ப் பதிவேடு எழுதியவனிடம் சொல்கிறார். பணிவாகக் கேட்டுக்கொண்டேன்.

ஆகஸ்டு 15, வெள்ளி

விடுமுறை. கொடி ஏற்றத்துக்குப் போய்த் திரும்பினால் வாசலில் பவுன்ராசு. சித்தப்பா மகன்; உசிலம்பட்டியில் வேலுத்தாய் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி செல்போன் கடை வைத்திருக்கிறான். ஒன்றரை மணி நேரப் பயணத்தை ஐம்பது நிமிடத்தில் மோட்டார் சைக்கிளில் வந்ததாகப் பெருமையாகச் சொன்னான். அவன் காபி குடிக்கும்போது வெளியே போய்ப் பார்த்தேன். முன் டயரில் பட்டன் என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. பாட்டியின் வாய் போல இருந்தது.

“பெரியண்ணே, டிராக்டர்ல வர்றீங்களாம்ல? அம்புட்டுத் தூரம் டிராக்டர் எதுக்குண்ணே? சீர ஒரு மினி லாரியில போட்டு அனுப்பிட்டு நீங்க கார்ல வந்துருங்க.”

“தாய்மாமன் சீர் டிராக்டர்ல வர்றதுதான் முறை.”

“எந்த முறைண்ணே? டிராக்டரே நேத்து வந்ததுதான?”

இவனோடு வரலாறு பேசுவதில்லை.

“சரிண்ணே. எதுக்கும் நானும் பக்கத்துல இருக்கேன். ஸ்டெப்னி மாதிரி வச்சுக்கங்க.”

மடிக்கு ஸ்டெப்னி கிடையாது என்று சொன்னேன். சிரித்தான். போகும்போது முன் டயரை மாற்றும்படி அறிவுறுத்தினேன். அதற்கும் சிரித்தான்.

ஆகஸ்டு 17, ஞாயிறு

வேகத் தீர்மானம் இன்று நிறைவேறியது. நடவடிக்கைக் குறிப்பு:

டயரின் வரம்பு முப்பது. வரம்பு என்பது தொடுவதற்கு அல்ல. மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் இருபது. அண்ணாந்து பார்க்கும் கிடாய்களுக்கும் அடுக்கி வைத்த தட்டுகளுக்கும் இருபதே ஏற்றது என்று முன்மொழிந்தேன்.

குருவம்மாள் அடுப்படியிலிருந்து திருத்தம் கொண்டுவந்தாள். “இருபதா? சீர் வண்டிக்கு முட்டையில முடியிற கணக்கா? ஒன்னு கூட்டுங்க.”

நியாயமான வாதம். நூறு வைக்கிற இடத்தில் நூற்றொன்று வைப்பவர்கள் நாம். வேகம் 21 ஆகத் திருத்தப்பட்டது. அதே அடிப்படையில் காற்றும் 50 இலிருந்து 51 ஆகியது.

கட்டக்காளையின் மறுப்பு: “இருபத்தொன்னுல ஓட்டுனா எனக்குத் தூக்கம் வந்துரும்ணே.” தூங்கக் கூடாது என்பதையும் தீர்மானத்தில் சேர்த்தேன்.

எங்கள் வாசலிலிருந்து மண்டபம் 46.3 கிலோமீட்டர். பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு முறை பத்து நிமிடம் நிறுத்தி டயரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆக இரண்டு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். டிரெய்லருக்குப் பின்விளக்கு இல்லை. விடிந்த பிறகே புறப்பட முடியும். 6.15க்குக் கிளம்பினால் 9.07க்குப் போய்ச் சேரலாம். அழைப்பிதழில் ‘காலை 9 மணிக்கு மேல் 10 மணிக்குள்’ என்று இருக்கிறது. ஐம்பத்து மூன்று நிமிடம் உபரி.

“நீங்க மட்டும் எங்ககூட வேன்ல வந்துட்டா என்ன?” என்று குருவம்மாள் கேட்டாள். அது தீர்மானத்தின் பொருளுக்கு அப்பாற்பட்ட கேள்வி.

ஆகஸ்டு 19, செவ்வாய்

மழை இல்லை. குறிப்பிட எதுவும் இல்லை. டயர்களை எண்ணிப் பார்த்தேன். ஐந்து.

ஆகஸ்டு 22, வெள்ளி

மதியம் தொலைபேசி. வேலுத்தாய். குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது. மற்றபடி அதே குரல்தான்.

“அண்ணே.”

“ம்.”

“பத்திரிகை வந்துச்சா?”

“வந்துச்சு.”

“வந்துருவேல்ல?”

“டயர் வாங்கியாச்சு.”

“டயரா?”

“டிரெய்லருக்கு. ஏ ஆறு. ஸ்டெப்னியோட அஞ்சு.”

“அண்ணே, நான் ஒன்னே ஒன்னுதான் கேக்குறேன். அன்னைக்கு மாதிரி எங்கயும் காத்துப் பாத்துக்கிட்டு நின்னுராத. பாப்பா ஒன் மடியில உக்காரணும். அம்புட்டுதான்.”

“அன்னைக்கு முன்னாடி இடது சக்கரத்துல இருபத்து நாலுதான் இருந்துச்சு.”

வைத்துவிட்டாள். இந்தப் பக்கம் தொலைபேசித் தொடர்பு அடிக்கடி துண்டிக்கப்படுகிறது.

பதிவுக்காக: ஆறு ஆண்டுகளுக்கு முன் பிப்ரவரி 8 அன்று அம்மாவை வாடகை வேனில் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆண்டிபட்டி பெட்ரோல் பங்கில் நிறுத்தி டயருக்குக் காற்றுப் பிடித்தேன். முன்னால் ஒரு லாரி நின்றதால் ஆறு நிமிடம் ஆனது. அடுத்து வரும் கணவாயில், ஏழாவது கிலோமீட்டரில், அம்மா தவறினார். வேலுத்தாய் அம்மாவின் தலையைத் தன் மடியில் வைத்திருந்தாள். ஆறு நிமிடத்தில் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் பிறகு என்னிடம் சொன்னார். இதை நான் வேலுத்தாயிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆறு நிமிடத்தைப் பற்றிப் பேச வேண்டிவரும்.

இருபத்து நாலு என்பது சரியான எண். அந்த வேனுக்கு முப்பத்தைந்து இருந்திருக்க வேண்டும்.

ஆகஸ்டு 24, ஞாயிறு

டயர்கள் மாட்டப்பட்டன. ஒவ்வொன்றிலும் காற்று 51. நான் சொந்தமாக வாங்கிய காற்று மீட்டரால் மூன்று முறை சரிபார்த்தேன். கட்டக்காளையின் முகத்தில் பெண் வீட்டார் கார் வாங்கிக் கொடுத்த மாப்பிள்ளையின் அடக்கம்.

“அண்ணே, இந்த டயரு சீரு முடிஞ்சதும்…”

“உங்களுக்குத்தான்.”

“வருசா வருசம் உங்க வீட்டுல விசேசம் வரணும்ணே.”

மாலையில் நான்காவது முறை பார்க்கக் கிளம்பும்போது குருவம்மாள் கேட்டாள்: “நீங்க டயரப் பாக்கப் போறீங்களா, தங்கச்சியப் பாக்கப் போறீங்களா?”

டயரைத்தான் பார்க்கப் போகிறேன் என்றேன். அப்போது அதற்குத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டு 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. டயர்க் கடைகள் விடுமுறை. கொழுக்கட்டை ஏழு.

ஆகஸ்டு 29, வெள்ளி

சோதனை ஓட்டம். டிரெய்லரில் செங்கல் ஏற்றி, 21 வேகத்தில் உப்புக்கோட்டை வரை போய்த் திரும்பினோம். ஓட்டம் வெற்றி. எங்களைத் தாண்டிப் போன பள்ளி மாணவிகள் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

இன்னொரு சோதனையும் நடந்தது. மூன்று வயதுக் குழந்தையின் எடை சுமார் பன்னிரண்டு கிலோ. சடங்கு, ஆசாரி, அழுகை எல்லாம் சேர்த்து இருபது நிமிடம் ஆகலாம். எனக்கு வலது முழங்காலில் வலி உண்டு. எனவே பன்னிரண்டு கிலோ அரிசிப் பையை மடியில் வைத்துச் சம்மணமிட்டு உட்கார்ந்து பார்த்தேன். பதினெட்டாவது நிமிடத்தில் குருவம்மாள் வந்துவிட்டாள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. பையை வாங்கி வைத்துவிட்டுப் போனாள்.

முழங்கால் தாங்குகிறது.

ஆகஸ்டு 30, சனி

சீர் ஏற்றியாகிவிட்டது. தட்டுகள் 101. கிடாய்கள் நாளைக் காலை ஏறும். வேட்டி, சட்டை, துண்டு தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஸ்கூட்டருக்கும் காற்றுப் பிடித்தேன். நான் டிரெய்லருக்குப் பின்னால் பதினைந்து மீட்டர் இடைவெளியில் ஸ்கூட்டரில் வருவேன். ஓடும் டயரைப் பின்னாலிருந்து பார்ப்பவனே சரியாகப் பார்ப்பவன்.

ஆகஸ்டு 31, ஞாயிறு. மாலை 4 மணிக்கு எழுதுவது.

பயண அறிக்கை.

6.15. நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். மூன்றாவது சக்கரத்தின் பட்டனுக்கு இடையில் ஒரு தோல் மாட்டிக்கொண்டது. புளிப்பு ரப்பருக்கு ஆகாது. ஊக்கால் எடுத்தேன். புறப்பாடு 6.24.

6.53. முதல் நிறுத்தம். டயர்கள் இளஞ்சூடு. கட்டக்காளை இறங்கி வந்தார். “அண்ணே, நீங்க முன்னால போங்கண்ணே. ஸ்கூட்டர்ல ஒரு மணி நேரத்துல மண்டபத்துல நிப்பீங்க. சீர நான் அலுங்காமக் கொண்டாந்து சேக்குறேன்.”

“நான் முன்னால போனா பின்னால யாரு டயரப் பாக்குறது?”

“டயர எதுக்குண்ணே பாக்கணும்? அது எங்க போகப் போகுது?”

சீர் முன்னே, மாமன் பின்னே என்று சொல்லி முடித்தேன். சீர் இல்லாமல், மண்டப வாசலில் நானும் ஸ்கூட்டருமாக மட்டும் போய் நிற்பதை ஒரு முறை யோசித்துப் பார்த்தேன். யோசனையைத் தொடரவில்லை.

7.20. பயிற்சிக்கு வந்த ரேக்ளா மாடுகள் எங்களை முந்தின. ஓட்டியவன் திரும்பிப் பார்த்து வணக்கம் வைத்தான்.

7.32. இரண்டாவது நிறுத்தம். குருவம்மாளும் உறவினர்களும் வந்த வேன் எங்களைத் தாண்டியது. அவள் ஜன்னல் வழியாக ஏதோ சொன்னாள். வேன் விதியை மீறிய வேகத்தில் போனதால் கேட்கவில்லை.

7.53. ஆண்டிபட்டி. பெட்ரோல் பங்க். அதே பங்க்தான். காற்றுப் பிடிக்கும் இடத்தை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். காற்றை அளந்தேன். நான்கிலும் 54. தீர்மானத்தில் இருப்பது 51. மூன்று அதிகம். இறக்கினேன்.

“சூட்டுலதாண்ணே ஏறியிருக்கு, எறக்காதீங்க” என்றார் கட்டக்காளை.

தீர்மானத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். புறப்பாடு 8.08.

8.28. கணவாய். வண்டியை நிறுத்தச் சொன்னேன். காரணம்: டயர் வெப்பப் பரிசோதனை.

கட்டக்காளை கை வைத்துப் பார்த்து, “ஒன்னும் சூடு இல்லண்ணே” என்றார். இன்னும் சற்று நேரம் பார்க்க வேண்டும் என்றேன். அவர் கிடாய்களுக்குத் தண்ணீர் காட்டினார். சாலையோரத்தில் ஒரு மைல் கல் உண்டு. அது அங்கேயேதான் இருக்கிறது. யாரோ புதிதாக மஞ்சள் பூசியிருக்கிறார்கள். நின்றது இருபத்திரண்டு நிமிடம்.

8.50. புறப்படும் முன் காற்றை மீண்டும் அளந்தேன். நான்கிலும் 48. டயர் ஆறிவிட்டது.

“நாப்பத்தெட்டு ரொம்பப் போதும்ணே. நாங்க முப்பத்தஞ்சுலயே கரும்பு ஏத்துவோம். இப்பக் கெளம்புனா ஒம்பதே முக்காலுக்குள்ள போயிருவோம். வாங்கண்ணே.”

நாற்பத்தெட்டு. கடைசியில் மறுபடியும் எட்டு. இதே சாலையில், காற்றுக் குறைவான சக்கரத்தோடு, இதே இடத்தைத் தாண்டிப் போகச் சொல்கிறார். கணவாயில் காற்றுக் கடை கிடையாது. அருகில் உள்ளது ஏழு கிலோமீட்டர் பின்னால், ஆண்டிபட்டியில்.

“திருப்புங்க” என்றேன்.

“அண்ணே…”

“திருப்புங்க.”

டிரெய்லரைக் கணவாயில் திருப்ப ஐந்து நிமிடம் பிடித்தது. இரு பக்கமும் பேருந்துகள் நின்றன. ஒரு ஓட்டுநர் என்னை அடையாளம் கண்டு, “என்ன சார், சீரத் திருப்பிக் கொண்டு போறீங்க, சண்டையா?” என்று கேட்டார்.

9.15. ஆண்டிபட்டி. காற்று 51, 51, 51, 51. முன்னால் ஒரு லாரி நின்றதால் பன்னிரண்டு நிமிடம். தொலைபேசி சட்டைப் பையில் அடித்துக்கொண்டே இருந்தது. வண்டியில் இருக்கும்போது எடுப்பதில்லை. காற்று அளக்கும்போதும் எடுப்பதில்லை.

9.47. கணவாய். நிற்கவில்லை.

10.13. நாற்பதாவது கிலோமீட்டர். விதிப்படி பத்து நிமிடம். தொலைபேசியில் தவறிய அழைப்புகள் பதினொன்று. ஏழு குருவம்மாள், நான்கு வேலுத்தாய். கடைசி அழைப்பு 9.56. அதற்குப் பிறகு யாரும் அழைக்கவில்லை.

10.41. மண்டபம். மேளக்காரர்கள் இரண்டாம் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையைக் கழுவாமலே வந்து நாதசுரத்தைக் கொஞ்சம் ஊதினார். சீர் இறங்கியது. தட்டு ஒன்றுகூடச் சாயவில்லை. கிடாய்கள் நலம்.

வேலுத்தாய் வாசலுக்கு வந்தாள். இளைத்திருக்கிறாள். காதோரம் நரை. தட்டுகளைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், பிறகு குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள்.

“டயரெல்லாம் நல்லாருக்காண்ணே?”

“நல்லாருக்கு.”

“சாப்ட்டுப் போ.”

உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை இன்பராசு என் கையைப் பிடித்துக்கொண்டு, “மச்சான், ஒம்பது அம்பத்தெட்டு வரைக்கும் காத்திருந்தோம் மச்சான். ஆசாரி வேற விசேசத்துக்குப் போகணும்னுட்டாரு” என்று இரண்டு முறை சொன்னார். ஒரு முறையே போதும்.

பவுன்ராசு தூணுக்குப் பக்கத்தில் நின்றான். புது வேட்டியில் தேங்காய்த் தண்ணீர் சிந்திய ஈரம். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். “பெரியண்ணே, நான் மாட்டேன்னுதாண்ணே சொன்னேன். அக்காதான் பாப்பாவ என் மடியில…” என்றான். ஸ்டெப்னி அதற்குத்தானே என்று சொன்னேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

கடைசிப் பந்தியில் சாப்பிட்டோம். கறி நன்றாக இருந்தது. சோறு ஆறியிருந்தது.

கிளம்பும்போது குழந்தை வந்தது. காதில் சிவப்புக் கல் தோடு. தலையில் மொட்டைக்குச் சந்தனம். எங்கள் அம்மாவின் நெற்றி. அது டிரெய்லரின் பின் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்து, “சுடுது” என்றது. இல்லை, இப்போது ஆறிவிட்டது என்று விளக்கினேன். மறுபடியும் தொட்டது. “சுடுது” என்றது. அதன் கையை எடுத்துவிட்டேன். ரப்பரில் தார் ஒட்டியிருக்கலாம். எடை பதின்மூன்று கிலோ இருக்கும். தூக்கிப் பார்க்கவில்லை, பார்வைக் கணக்குத்தான்.

திரும்பும்போது கட்டக்காளை முப்பதில் ஓட்டினார். பின்னாலேயே நானும் முப்பதில் வந்தேன்.

செப்டம்பர் 1, திங்கள்

பணிக்குத் திரும்பினேன். டிரெய்லர் டயர்களின் இறுதி அறிக்கை: ஓடிய தூரம், சோதனை ஓட்டமும் திரும்பிப் போய் வந்த பதினான்கும் சேர்த்து, 122 கிலோமீட்டர். தேய்மானம் இல்லை. பஞ்சர் இல்லை. ஸ்டெப்னி பயன்படுத்தப்படவில்லை.

செப்டம்பர் 3, புதன்

தேனிக்குப் போய் சிக்கந்தர் பாயிடம் மோட்டார் சைக்கிள் முன் டயர் ஒன்று வாங்கி, உசிலம்பட்டிப் பேருந்தில் பவுன்ராசுவுக்கு அனுப்பினேன். மாமன் கடமைகளுக்கு அவன்தான் இனி நேரத்துக்குப் போக வர வேண்டியிருக்கும்.

“இதுக்கு எந்த நம்பர் சார் வேணும்?” என்று பாய் கேட்டார். எதுவாக இருந்தாலும் சரி என்றேன்.

மாலையில் குருவம்மாள் வேலுத்தாயோடு அரை மணி நேரம் பேசினாள். குழந்தைக்குக் காது ஆறிவிட்டதாம். பவுன்ராசுவை மாமா என்று கூப்பிடுகிறதாம். என்னை டயர்க்காரர் என்கிறதாம்.